ஐந்தாம் நாள்: பெர்னாண்டினா தீவும் ஒரு குளிர்ந்த கடலும்

ராத்திரி நல்ல ஆட்டம். நேற்று மாலை கலாபகோஸின் இசபெலா தீவில், தென்கரைத் துறையான புவேர்ட்டோ வில்லமிலில் நங்கூரம் எடுத்தபோதே கேப்டன் சொல்லியிருந்தார், தீவின் தென்மேற்கு முனையைச் சுற்றும்வரை அலை பக்கவாட்டில் மோதும், அதைத் தாண்டிவிட்டால் தீவே மறைப்பாக நின்றுகொள்ளும், அப்புறம் தூங்கலாம் என்று. அப்படியேதான் நடந்தது. அக்கா நடுநிசி வரை வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாத்திரை கொடுத்தேன், நெற்றியைப் பிடித்துவிட்டேன், எதுவும் உதவவில்லை. பிறகு ஏதோ ஒரு நேரத்தில் ஆட்டம் சட்டென்று அடங்கியது. மரப்பலகைகளின் முனகல் நின்று இன்ஜின் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

ஐந்தரைக்கு மேல்தளத்துக்கு ஏறினேன். குளிர். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இன்று நாங்கள் பார்த்த அத்தனையும் இந்தக் குளிரில்தான் போய் முடிகிறது. பூமத்திய ரேகையிலிருந்து அரை டிகிரிகூடத் தள்ளி இல்லை, ஆனால் நான் ஸ்வெட்டர் மேல் இன்னொரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சூடான காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆகஸ்ட் மாதம் இங்கே கருவா காலம். மழை என்று சொல்ல முடியாத மெல்லிய தூறலும் தாழ்ந்த மேகமும் பாதி நாள் போர்த்திக் கிடக்கும். இடப்பக்கம் பெர்னாண்டினா, வலப்பக்கம் இசபெலா, நடுவில் பொலிவர் கால்வாய். இரண்டு பக்கமும் எரிமலைகளின் அடிவாரம் மட்டும் தெரிந்தது, உச்சி மேகத்துக்குள்.

எங்கள் வழிகாட்டி சான் கிறிஸ்டோபல் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். கடல் ஏன் இவ்வளவு குளிர்கிறது என்று கேட்டதும் காபியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் விளக்கினார். பசிபிக்கின் மேல்தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது. அதற்கு அடியில், பூமத்திய ரேகையை ஒட்டியே, ஒரு பெரிய ஆறு எதிர்த்திசையில் ஓடுகிறது. டவுன்சென்ட் குரோம்வெல் என்ற ஆய்வாளர் 1952இல் அதைக் கண்டுபிடித்தார், அதனால் குரோம்வெல் நீரோட்டம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருட்டில் ஓடிவரும் அந்தத் தண்ணீர் கடைசியில் இந்தத் தீவுகளின் மேற்குச் சுவரில் முட்டுகிறது. முட்டினால் எங்கே போகும்? மேலேதான் ஏற வேண்டும். ஏறும்போது ஆழத்தின் குளிரையும் ஆழத்தின் சத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதில் நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னக் குட்டி மீன்கள், அவற்றைத் தின்ன மற்ற எல்லாம். ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கலாபகோஸ் முழுவதிலுமே உயிர் நிறைந்திருக்கிறது, ஆனால் இந்த மேற்கு ஓரத்துக்குத்தான் அந்த ஆற்றின் முதல் பந்தி.

அவர் பேசி முடிப்பதற்குள் கால்வாயின் நடுவில் பறவைகள் குவிந்தன. கடல் அந்த இடத்தில் கொதிப்பதுபோல இருந்தது. பூபிகள் இறக்கையை மடக்கி ஈட்டி மாதிரி விழுந்தன, கூழைக்கடாக்கள் தொப்பென்று விழுந்தன, அடியிலிருந்து டால்பின்கள் துரத்திக்கொண்டு வந்தன. பத்து நிமிடம்தான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தண்ணீர் தட்டையாகிவிட்டது.

காலை உணவு முடிந்ததும் பின்தளத்தில் எல்லோருடைய செருப்பையும் ஷூவையும் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். அடியில் ஒட்டிய மண்ணைக்கூடப் பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். ஒரு தீவின் விதை இன்னொரு தீவுக்குப் போகக் கூடாது. பெர்னாண்டினாவில் இது இன்னும் கறார், ஏனென்றால் இங்கே எலி கிடையாது, பூனை கிடையாது, ஆடு கிடையாது. இத்தனை பெரிய தீவில் வெளியிலிருந்து வந்த ஒரு பாலூட்டிகூடக் காலூன்றவில்லை. எதிரே இருக்கும் இசபெலாவின் கதை வேறு. அதன் வடபாதியில் ஆடுகள் பெருகி ஆமைகளின் தீவனத்தையெல்லாம் மொட்டையடித்துவிட்டன. பக்கத்துச் சாண்டியாகோ தீவையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை 1997க்கும் 2006க்கும் இடையில் ஒழித்த பிறகுதான் செடிகள் திரும்பி முளைத்தன. ஷூவைக் கழுவுவது சின்ன வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்கு எவ்வளவு பெரிய விலை என்று இந்தக் கால்வாயின் மறுகரையைப் பார்த்தாலே தெரிகிறது.

(பலர் கேட்டிருந்தீர்கள்: கலாபகோஸ் தேசியப் பூங்காவுக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட்டிலிருந்து பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 200 டாலர். முன்பு 100. விமான நிலையத்தில் ரொக்கமாகக் கொடுத்தோம். ஈக்வடாரின் நாணயமே அமெரிக்க டாலர்தான் என்பதால் மாற்றும் தொல்லை இல்லை. அந்தக் காசு எனக்கு ஒரு நொடிகூட உறுத்தவில்லை.)

கரைக்குப் போக ரப்பர்ப் படகு. இங்கே அதைப் பங்கா என்கிறார்கள். புண்டா எஸ்பினோசா என்ற இந்த முனையில் கடல்மட்டம் பார்த்துத்தான் இறங்க முடியும். கண்டல் மரங்களுக்கு இடையே ஒரு சின்னப் பாறைத் துறை, பாசி வழுக்கல். அக்காவின் கையைப் படகுக்காரர் மணிக்கட்டோடு பிடித்து ஏற்றினார். ஏறியவள் அடுத்த அடி வைக்கப் போய் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், தரை நகருது பாரு."

தரை நகரவில்லை. தரை முழுக்கக் கடல் இகுவானாக்கள். கறுப்புப் பாறைமேல் அதே கறுப்பில், ஒன்றின்மேல் ஒன்றாக, காலும் வாலும் எது யாருடையது என்று தெரியாமல், சூரியன் வரும் பக்கம் மூஞ்சியைத் திருப்பி நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஒன்று தும்மியது. மூக்கிலிருந்து உப்புத்தண்ணீர் பீச்சியடித்தது. பக்கத்தில் இருந்தது தும்மியது. பிறகு அங்கங்கே தும்மல். கடலில் பாசி தின்னும்போது உள்ளே போகும் உப்பையெல்லாம் மூக்குப் பக்கத்துச் சுரப்பி வடித்தெடுத்து வெளியே தள்ளுகிறது. தலையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது அந்த உப்புதான். கடலுக்குள் போய் மேயும் பல்லியினம் உலகத்தில் இது ஒன்றுதான்.

விதி என்னவென்றால் எந்த விலங்கிடமும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. இங்கே அந்த இரண்டு மீட்டரைக் காப்பாற்றுவது பெரிய பாடு. நாம் விலகினாலும் அவை விலகுவதில்லை, பாதையிலேயே படுத்துக் கிடக்கின்றன. எங்கள் குழுவில் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆணுக்கு முன்னால் குனியப் போனார். வழிகாட்டி குரல் உயர்த்தவில்லை, அவருடைய தோளைத் தொட்டுப் பின்னால் இழுத்தார், அவ்வளவுதான். "அது உங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. அந்த நம்பிக்கையை நாம் கெடுக்கக் கூடாது" என்றார். நான் அந்த இடத்திலேயே கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டேன். நூறு படம் எடுத்தாகிவிட்டது, போதும்.

இந்தத் தீவில் யாரும் குடியில்லை. லா கும்ப்ரே என்ற ஒற்றை எரிமலைதான் தீவே. 1968இல் அதன் உச்சிக் கிண்ணத்தின் தரை சுமார் 350 மீட்டர் கீழே இறங்கியது. கடைசியாக 2024 மார்ச் 2ஆம் தேதி இரவு வெடித்தது. வழிகாட்டி அப்போது வேறொரு கப்பலில் இந்தப் பக்கம் வந்திருந்தாராம்; மலைச்சரிவில் சிவப்புக் கோடு கீழே கீழே இறங்குவதைப் பயணிகள் யாருமே பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்றார். நாங்கள் நடந்தது பழைய எரிமலைக் குழம்பின் மேல். சில இடங்களில் கயிற்றை முறுக்கிப் போட்டதுபோல வழவழப்பு, சில இடங்களில் உடைந்த கண்ணாடி மாதிரி. மண்ணே இல்லாத அந்தப் பாறை வெடிப்பில் விரல் உயரத்துக்கு மஞ்சள் நுனியோடு கள்ளிகள். இதே தீவில்தான் 2019இல் ஒரு பெண் ஆமை கிடைத்தது. அந்த இனம் 1906இல் ஒரே ஒருமுறை பார்க்கப்பட்டு அழிந்துபோனதாக எழுதப்பட்டிருந்தது. பெர்னாண்டா என்று பெயர் வைத்து, மரபணுவைச் சோதித்து, அதே இனம்தான் என்று உறுதி செய்தார்கள். இப்போது சாண்டா குரூஸ் தீவில் பத்திரமாக வளர்க்கிறார்கள். துணை தேடிக் குழுக்கள் இந்த மலையில் ஏறியிருக்கின்றன. நூறு வருடத்துக்குப் பிறகு ஒரே ஒரு ஆமை. அதை நினைத்துக்கொண்டு அந்தச் சரிவைப் பார்த்தபோது என்னவோ செய்தது.

சரி, பறவைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பயணத்தையே மேற்குப் பாதையில் தேர்ந்தெடுத்தேன்.

முனையின் கடைசியில், அலை தெறிக்கும் பாறை விளிம்பில், பறக்காத நீர்க்காகங்கள். உலகத்தில் உள்ள நீர்க்காக இனங்களில் பறக்கத் தெரியாதது இது ஒன்றுதான், அதுவும் பெர்னாண்டினாவிலும் இசபெலாவின் வட, மேற்குக் கரைகளிலும் மட்டும்தான் இருக்கிறது. மொத்தமே ஒன்றிரண்டு ஆயிரம். ஒன்று தண்ணீரிலிருந்து தத்தி ஏறி வந்தது. வாத்தைவிடப் பெரிய உடம்பு, கொக்கி மூக்கு, கண் மட்டும் நீலப்பச்சைக் கல் பதித்ததுபோல. பாறையில் நின்று இறக்கையை விரித்து உலர்த்தியது. இறக்கை என்று சொல்கிறேன், ஆனால் இவ்வளவு பெரிய பறவை பறக்க வேண்டுமென்றால் தேவைப்படும் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் அது. இறகுகள் கந்தலாகத் தொங்குகின்றன.

"பாவம்டி, யாரோ கத்தரிச்சு விட்ட மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகு தோன்றவில்லை. இந்தக் கரையில் அதைத் துரத்திப் பிடிக்கத் தரையில் எந்த மிருகமும் இருந்ததில்லை. சாப்பாடு காலடியிலேயே, குளிர்ந்த ஆறு கொண்டுவந்து கொட்டுகிறது. தூரம் போக வேண்டிய தேவையே இல்லாத பறவைக்கு எதற்குப் பெரிய இறக்கை? முக்குளிக்கும்போது அது இடைஞ்சல். அந்தத் தேவை கழன்றதும் தலைமுறை தலைமுறையாக இறக்கை சுருங்கி, கால் பலத்து, உடம்பு கனத்துவிட்டது. கந்தல் இறக்கை என்று நாம் பார்ப்பது உண்மையில் நல்ல சாப்பாட்டின் அடையாளம்.

கூட்டைப் பார்த்தோம். கடற்பாசியைக் குவித்துக் கட்டிய மேடு. ஒன்று அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துணை கடலிலிருந்து ஏறி வந்தது, வாயில் ஒரு செம்பழுப்புப் பாசிக் கொத்து. கழுத்தை வளைத்து அதை நீட்டியது. உட்கார்ந்திருந்தது வாங்கி, இடப்பக்கம் வைத்து, திருப்தி இல்லாமல் எடுத்து வலப்பக்கம் வைத்து, அலகால் தட்டித் தட்டி அழுத்தியது. இதற்குள் மற்றது மறுபடியும் தண்ணீருக்குள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வெறும் வாயோடு வருவதில்லை, ஒரு பாசியோ ஒரு நட்சத்திரமீனோ ஏதாவது ஒரு சீர் இருக்கும் என்றார் வழிகாட்டி. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பெண் பறவை அதை அப்பாவிடம் விட்டுவிட்டு வேறு துணை தேடிப் போய்விடுமாம். உணவு நிறைய இருக்கும் வருடத்தில்தான் அது நடக்கும். அரை மணி நேரம் அந்தக் கூட்டைவிட்டு எங்களால் நகர முடியவில்லை.

திரும்பும் வழியில் மணலில் ஒரு திமிங்கில எலும்புக்கூடு, முதுகெலும்புத் துண்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் ஒரு கடல் சிங்கக் குட்டி தூங்கியது. அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கும், தொடாமல் நகருங்கள் என்றார்கள். நகர்ந்தோம்.

பத்தரைக்கு நீரில் இறங்கினோம். அக்கா வரவில்லை, நீச்சல் தெரிந்தவள்தான், ஆனால் இந்தக் குளிரும் கறுப்புத் தண்ணீரும் வேண்டாம் என்று பங்காவிலேயே உட்கார்ந்துகொண்டாள். உடன் வந்த ஒருவரின் டைவிங் கடிகாரம் 18 டிகிரி காட்டியது. தடித்த வெட்சூட் போட்டும் முதுகுவழியே தண்ணீர் நுழைந்த அந்த நொடி மூச்சே நின்றது. சத்து நிறைந்த தண்ணீர் என்பதால் தெளிவும் குறைவு, பச்சையாகக் கலங்கியிருந்தது. முகத்தை உள்ளே வைத்த அடுத்த நிமிடம் குளிர் மறந்துபோனது.

கீழே பாறைமேல் இகுவானாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நகத்தால் பாறையைக் கவ்விக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, பாசியைச் சுரண்டிச் சுரண்டி. அலை உள்ளே வரும்போது மொத்த உடம்பும் காற்றில் துணிபோல ஆடுகிறது, நகம் மட்டும் விடுவதில்லை. பெரிய ஆண்கள்தான் இப்படி முங்கி மேயும். சின்னவையும் பெண்களும் நீர் வற்றும்போது வெளியே தெரியும் பாறைகளில் மேய்ந்துகொள்ளும், குளிரில் அவற்றின் உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும். பச்சை ஆமைகள், என்னால் எண்ண முடிந்தவரை பதினேழு. ஒன்று நேராக என்னை நோக்கி வந்தது. நான் கைகால் அசைக்காமல் மிதந்தேன், அது எனக்கு அடியில் உரசாமல் கடந்து போனது. பிறகு காலையில் கரையில் தத்தித் தத்தி நடந்த அந்த நீர்க்காகம். தண்ணீருக்கடியில் அதைப் பார்க்க வேண்டும்! இறக்கையை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, இரண்டு காலாலும் உதைத்து, பாறை இடுக்கில் தலையை விட்டு ஏதோ ஒன்றை இழுத்துக்கொண்டு மேலே போனது. பாவம் என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டேன்.

மேலே வந்தால் பங்காவில் அக்கா கை காட்டிக் கத்துகிறாள். படகிலிருந்து இரண்டு கை தூரத்தில் ஒரு பென்குயின் மிதந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரம்கூட இருக்காது. கலாபகோஸ் பென்குயின், பூமத்திய ரேகைக்கு வடக்கே இயல்பாக வாழும் ஒரே பென்குயின் இனம், அதுவும் இசபெலாவின் வடமுனை அந்த ரேகையைத் தாண்டி நீண்டிருப்பதால். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவளையே பார்த்ததாக அவள் சொல்கிறாள். நான் மறுக்கவில்லை.

மதியம் சாப்பிட்டோம், உடம்பு சூடாகும்வரை போர்வைக்குள் கிடந்தோம்.

இரண்டு மணி சுமாருக்கு நங்கூரம் எடுத்து எதிர்க்கரையை நோக்கிக் கிளம்பினோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களுடையது இரண்டு பாய்மரம் உள்ள கப்பல்தான், ஆனால் எந்தத் தீவில் எந்த நாள் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்பதைப் பூங்காவே வகுத்துக் கொடுக்கிறது, அந்த நேரத்தைப் பிடிக்க இன்ஜின்தான் ஓடியாக வேண்டும். இந்த ஐந்து நாளில் பாய் விரித்தது இது இரண்டாவது தடவை. கால்வாயின் நடுவில் தெற்கிலிருந்து நல்ல காற்று கிடைத்ததும் கேப்டன் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நாங்களும் கயிறு பிடித்தோம். பாய் படபடத்து, பிறகு நிறைந்து விறைத்தது, கப்பல் லேசாக ஒருபக்கம் சாய்ந்தது. அந்த அமைதியை எப்படிச் சொல்ல? பலகையை உரசும் தண்ணீர், கயிற்றின் கிறீச், அவ்வளவுதான்.

அந்த அமைதியில்தான் மூச்சுச் சத்தம் கேட்டது.

பார்ப்பதற்கு முன்னால் கேட்டோம். பெரிய துருத்தியை ஒரே அழுத்தில் காலி செய்ததுபோல. திரும்பினால் இடப்பக்கம் நீராவி கலைந்துகொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் நீண்ட கருஞ்சாம்பல் முதுகு, உருண்டுகொண்டே போய் முடிவில் வளைந்த சின்னத் துடுப்பு. ப்ரைட் திமிங்கிலம். வால் காட்டாமல் அமிழ்ந்துவிட்டது. கேப்டன் பாயைத் தளர்த்திக் கப்பலை மெல்ல விட்டார், துரத்தவில்லை. எழுபது எண்ணுவதற்குள் மறுபக்கம் எழுந்தது, இந்த முறை கூடவே இன்னொன்று, சிறியது. காற்று அதன் மூச்சை எங்கள் முகத்தில் கொண்டுவந்து போட்டது. மீன் வாடை, ஈரம். இன்ஜின் ஓடியிருந்தால் பாதிப் பேருக்கு இது நடந்ததே தெரிந்திருக்காது. நான்கு முறை எழுந்தன, பிறகு தெற்கே போய்விட்டன. அப்புறம் ரொம்ப நேரம் தளத்தில் யாரும் உட்காரவில்லை.

எதிர்க்கரையில் நாங்கள் இறங்கிய டேகஸ் குடா பற்றிச் சுருக்கமாக. செங்குத்தான எரிமலைச் சுவர்களுக்கு நடுவே ஒளிந்த குடா. பழைய கப்பல்காரர்களும் திமிங்கில வேட்டைக்காரர்களும் இங்கே ஒதுங்கிப் பாறையில் கப்பல் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். மிகப் பழையது 1836. இப்போது யாராவது கிறுக்கினால் குற்றம். மேலே ஏறினால் டார்வின் ஏரி, கடலைவிட உப்பு அதிகம், கடல்மட்டத்தைவிட உயரத்தில் பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது. 1835இல் பீகிள் கப்பலில் வந்த டார்வின் இந்தக் கரையில் ஒரு கிண்ண ஏரியைக் கண்டு தாகத்தோடு ஓடி இறங்கி வாயில் வைத்தார், ஒரே உப்பு. சரிவெல்லாம் இலையுதிர்ந்த பாலோ சாந்தோ மரங்கள், சாம்பல் பூசியதுபோல. காட்சி அழகுதான், ஆனால் எனக்கு மனம் இன்னும் கால்வாயிலேயே இருந்தது.

இரவு உணவுக்குப் பிறகு வழிகாட்டியிடம் கேட்டேன், அந்தக் குளிர்ந்த ஆறு வராமல் போனால்? போயிருக்கிறது என்றார். எல் நினோ வருடங்களில் மேல்தண்ணீர் சூடாகி, அடியிலிருந்து ஏறும் குளிர்நீர் வலுவிழந்துவிடும். 1982, 83இல் பென்குயின்களில் 77 சதவீதம் போய்விட்டன, நீர்க்காகங்கள் ஏறக்குறைய பாதி. இகுவானாக்கள் தின்னும் பாசி கருகிவிடும். அப்போது அவை மெலிவது மட்டுமில்லை, நீளமே குறைகிறது. எலும்பு உட்பட 20 சதவீதம் வரை சுருங்குகின்றன என்று 2000ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். நல்ல காலம் திரும்பினால் மறுபடி வளர்கின்றன. பறவைகளுக்கு அப்படிச் சுருங்கித் தப்பிக்க வழியில்லை. பறக்கவும் முடியாது, வேறு கரைக்குப் போகவும் முடியாது. காலையில் அந்தப் பாசியை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்ததே, அந்தப் பறவையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் தண்ணீர் குளிராக இருக்கிறது. இனி குளிர்கிறது என்று முணுமுணுக்கப் போவதில்லை.

இப்போது மணி ஒன்பதரை. கப்பல் வடக்கே நகர ஆரம்பித்துவிட்டது, அலை அமைதி. காலையில் புண்டா விசென்டே ரோக்கா. இசபெலாவை வரைபடத்தில் பார்த்தால் கடற்குதிரை மாதிரி இருக்கும், அதன் வாய் இருக்கும் இடம். சூரியமீன்கள் வரும் என்கிறார்கள். மதியத்துக்கு மேல் வடமுனையைச் சுற்றும்போது பூமத்திய ரேகையைக் கடப்போம்.

அக்கா வாளியை அறைக்கு வெளியே வைத்துவிட்டாள். மேல்தளக் கம்பியில் எங்கள் இரண்டு வெட்சூட்டும் தொங்குகின்றன, என்னுடையது சொட்டிக்கொண்டு, அவளுடையது இன்னும் மடிப்புக் கலையாமல். ஆறு மணிக்கே எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறாள், போட்டுப் பார்க்க வேண்டுமாம்.